கடைவாய்ப் பல்லின் சாட்சி

ஐயாயிரம் நாற்காலி, எட்டுத் திரை, மேடையில் புகை. ஒரு காலத்தில் சைக்கிள் கடை மாடியில் பதினோரு பேருக்குப் பிரசங்கம் செய்த பாஸ்டர், இப்போது பிரசங்கத்தின் நடுவே மூன்று முறை கோட்டு மாற்றுகிறார். ஊழியம் வளர்ந்தால் வியர்வையும் வளரும்தானே!

அவரிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. வந்தவரின் தொழில், நோய், எத்தனை வருடம் என எல்லாமே மேலிருந்து அவருக்குத் தெரிந்துவிடும். வாசலில் ஒரு ஜெப அட்டையை மட்டும் நிரப்பித் தர வேண்டும். அதில் மூன்றே கேள்விகள்: தொழில், நோய், எத்தனை வருடம்.

குணமானவர்கள் மருந்தை மேடைக் கூடையில் எறிந்துவிட்டுச் சாட்சி சொல்வது அங்கே வழக்கம். அன்று ஒரு லாரி டிரைவர் எறிவதற்கென்றே இன்சுலினோடு வந்திருந்தார். கூடவே தங்கை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

“ஊசிய நிறுத்துனா ஒரே வாரத்துல ஐ.சி.யூ.தான், அண்ணே.”

“உனக்கு விசுவாசம் கம்மி.”

“சரி, பந்தயம். உனக்குச் சர்க்கரைன்னு அவரு வாயால சொல்லட்டும், ஊசிய நானே கூடையில போடறேன். மாத்திச் சொன்னா பேசாம வீட்டுக்கு வந்துடணும்.”

“சொல்லுவாரு பாரு! அட்டைய நீயே எழுது, கண்ணாடி எடுத்துட்டு வரல.”

தங்கை எழுதினாள். அட்டைகள் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போயின. நாலு பாட்டு முடிந்ததும் பாஸ்டர் காதில் செருகியிருந்த குட்டி இயர்போனைத் தொட்டு, கண்ணை மூடினார்.

“லாரி ஓட்டுற ஒரு சகோதரன் இங்க இருக்கீங்க! மேல வாங்க!”

அண்ணன் அழுதுகொண்டே ஏறினார்.

“பன்னெண்டு வருஷ வேதனை! எனக்குத் தெரியுது... பல்லு! வலது பக்கம், கடைவாய்ப் பல்லு! இந்த நிமிஷமே சுகம்! வலி போச்சா இல்லையா, சொல்லுங்க!”

மைக் நீண்டது. டிரைவர் திருதிருவென்று விழித்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, மேல் செட், கீழ் செட் இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் நீட்டினார்.

“இதுல எந்தப் பல்லுங்க, பாஸ்டர்?”

எட்டுத் திரையிலும் பல் செட் சிரித்தது.

“சாத்தான் குழப்புறான்!” என்று அலறினார் பாஸ்டர்.

“சாத்தான் இல்லீங்க, நான்தான் எழுதுனேன்!” என்றாள் தங்கை கீழேயிருந்து.

டிரைவர் இன்சுலினைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா, யாரும் பார்க்காதது போலக் கூடைக்குள் கைவிட்டுத் தன் பிரஷர் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் முதல் ஜெப அட்டையோடு மருத்துவச் சான்றிதழும் கட்டாயமாம். எல்லாம் தெரிந்தவரிடமிருந்துதான் செய்தி வருகிறது என்றால், சான்றிதழ் கேட்பது யார்? தலை எதற்கு இருக்கிறது, குனிவதற்கு மட்டுமா?