முதற்தர லீக்கில் எங்கள் வரவேற்பு வைபவம்

உலக உதைபந்தாட்ட வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: மானிப்பாய்ப் பக்கத்து எங்கள் செங்கதிர் விளையாட்டுக் கழகம் தேசிய முதற்தர லீக்கில் சேர்வதற்கு முன், சேர்ந்ததற்குப் பின். லீக்குக்கு அது இரண்டாவது பருவம்தான். மற்றக் கழகங்கள் பந்தடிக்கப் பழகிக்கொண்டு வந்திருந்தன. நாங்கள் பண்பாட்டோடு வந்திருந்தோம்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். வென்றால் லீக்கில் இருப்போம். சமநிலை என்றாலும் வெளியே. இது முன்கள வீரன் பிரகலாதனுக்கு மட்டும் பெரிய விஷயமாகப் பட்டது. அவன் லீக்கை நம்பிக் கட்டார் வேலையை வேண்டாமென்றவன். கழகத் தலைவர் பரமலிங்கத்துக்கோ அதைவிடப் பெரிய கவலை: கனடாவிலிருந்து வரும் பிரதம விருந்தினர் செபநாயகம் அவர்களை வரவேற்பது எப்படி?

ஆகவே அந்த வாரம் முழுவதும் 'விசேட பயிற்சி' நடந்தது. பாண்ட் வாத்தியம் முழங்கியதும் வீரர்கள் எங்கே நின்றாலும் நடுக்கோட்டுக்கு ஓடி, உயரப்படி வரிசையாகி, விருந்தினர் கைகுலுக்க வலக்கையை நீட்ட வேண்டும்.

"அண்ணை, கோலுக்கு அடிச்சுப் பழக ஒரு பின்னேரமாவது தாங்கோவன்," என்றான் பிரகலாதன்.

"கோல் எப்பவும் அடிக்கலாமடா. கனடாவிலை இருந்து ஆள் எப்பவும் வருமோ?"

ஆட்டத்தன்று விருந்தினர் உடுவிலில் இன்னொரு திறப்பு விழாவில் அகப்பட்டுக்கொண்டார். நடுவர், பண்பாடு அறியாத மனிதர், குறித்த நேரத்துக்கே விசில் ஊதிவிட்டார். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்த வாசலில் நான் சந்தனத் தட்டத்தோடு நின்றேன். பக்கத்தில் தலைவர் மாலையோடு நின்றார். அவர் பந்தைப் பார்க்கவேயில்லை, வீதியைப் பார்த்தார்.

ஆட்டம் முடியும் தறுவாய். யாரும் கோல் போடவில்லை. பிரகலாதன் மூவரைத் தாண்டி, கோல் காப்பாளரையும் தாண்டி, வெறும் கோலை நோக்கி வந்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. பாண்ட் முழங்கியது.

எங்கள் மற்றப் பத்து வீரர்களும் நடுக்கோட்டில் உயரப்படி நின்று கையை நீட்டினார்கள். எதிரணி திகைத்து நின்றது. பிரகலாதன் மட்டும், வளர்ப்புச் சரியில்லாதவன், ஓடிக்கொண்டேயிருந்தான்.

தலைவர் மாலையோடு கோல் வாய்க்குள் பாய்ந்தார்.

"நில்லடா! ஐயா இன்னும் கதிரையிலை இருக்கேல்லை!"

"தள்ளுங்கோ அண்ணை!"

அடித்தான். பந்து தலைவரின் வயிற்றில் மோதி, மாலையைப் பிய்த்துக்கொண்டு மதிலுக்கு அப்பால் போனது. வெளியாள் தடுத்த பந்து கோலாகாது என்று நடுவர் கையை ஆட்டினார். பிறகு இறுதி விசிலை ஊதினார்.

பிரகலாதன் புல்லில் குந்திவிட்டான். "கட்டார்க்காரன் இனி என்னைக் கூப்பிடுவானோ?" என்று என்னைக் கேட்டான். என்னிடம் சந்தனம் மட்டும்தான் இருந்தது.

செபநாயகம் அவர்கள் கண்கலங்கப் பேசினார்: "நான் வந்த உடனை ஆட்டத்தையே நிப்பாட்டின கழகத்தை நான் வேறை எங்கையும் காணேல்லை."

நிர்வாகக்குழு அங்கேயே கூடியது. தலைவரின் வயிற்றில் பந்தடித்ததற்குப் பிரகலாதன் மன்னிப்புக் கேட்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானித்தது. அவனும் போர்த்தினான். பாண்ட் மறுபடி முழங்கியது; பத்துப் பேரும் மறுபடி வரிசையானார்கள்.

எதிரணிதான் எங்களை லீக்கிலிருந்து வெளியேற்றியது என்று ஊரில் சிலர் கதைக்கிறார்கள். அது அபாண்டம். பருவம் முழுக்க அத்தனை அணிகளும் முயன்றும் பிரகலாதனை மறிக்க முடியவில்லை. அதை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்காமல் நாங்களே செய்துமுடித்தோம்.