தவசிமுத்துவின் தற்சார்புக் கிணறு

மனித குலம் முழு விடுதலை அடைந்த இடம் இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. ஆண்டு 1988. விடுதலை அடைந்தவர் பெயர் தவசிமுத்து, பி.எஸ்ஸி.

அவருடைய காலை இப்படி நடக்கும். ஐந்தரைக்கு எழுவார். வேப்பங்குச்சியால் பல் துலக்குவார். காப்பி குடிப்பார். மலையைப் பார்க்கப் போட்ட மேசையில், கிணற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ‘எவரையும் சாராமல் வாழ்வது எப்படி?’ என்ற நூலை எழுதுவார்.

அவர் மனைவி செல்லக்கனி நாலரைக்கு எழுவாள். சாணி அள்ளுவாள். பால் கறப்பாள். விறகு பொறுக்குவாள். மேற்படி காப்பியைப் போடுவாள். பிறகு தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பப் போவாள். இவை நூலில் இடம்பெறவில்லை. தத்துவ நூலில் எல்லாவற்றையும் எழுத முடியாது.

மில்லில் பார்த்த குமாஸ்தா வேலையை விட்டு அவர் தோப்புக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த வாரமே கரண்டு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். தகரப்பெட்டிக்குள் கண்ணாடி ஒட்டிச் சூரிய அடுப்பு செய்தார். எல்லாவற்றுக்கும் சிகரம், மிதிபம்பு. ஒரு சைக்கிளின் பின்சக்கர டயரைக் கழற்றி, சைக்கிளைக் கிணற்று மேட்டில் ஸ்டாண்டோடு போல்ட் போட்டு முடுக்கினார். பழைய செருப்பு ரப்பரை வில்லை வில்லையாக வெட்டிக் கயிற்றில் கோத்தார். மிதித்தால் சக்கரம் சுற்றும். கயிறு குழாய் வழியே ஏறும். ரப்பர் வில்லைகள் தண்ணீரைத் தூக்கிவரும். மிதிக்க ஓர் ஆள் மட்டும் வேண்டும். அந்த வசதி வீட்டிலேயே இருந்தது.

சைக்கிள் செல்லக்கனியுடையது. கல்யாணத்துக்கு முன் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்து, தன் கூலியில் வாங்கியது.

பங்குனியில் ஒருநாள் அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

“ஏங்க, எங்கூட வேலை பாத்த பெத்தம்மாள் சொல்லிவிட்டிருக்கா. கம்பெனியில ஒரு எடம் காலியாம். வியாழக்கிழமை மத்தியான ஷிஃப்டுல சேரணுமாம். தவறுனா வேற ஆளு போட்டுருவாவளாம்.”

“சேந்துக்கோ. யாரு வேண்டாம்னா?”

“பஸ்ஸு நிக்கிற எடத்துக்கே நாலு மைலு. சைக்கிளு வேணும்.”

தவசிமுத்து பேனாவைக் கீழே வைத்தார். “ஏட்டி, அது சைக்கிள் இல்ல. இந்தப் பண்ணையோட இருதயம்.”

“அந்த இருதயத்தை எங் கூலியிலதான வாங்குனேன்?”

“உன்னுது, என்னுதுன்னு பேசுறதே டவுன் புத்தி. அதுவும் எந்த நேரத்துல கேக்கா பாரு! வியாழக்கிழமை குழு வருது.”

‘ஊரகத் தற்சார்பு ஊக்குவிப்புக் குழு’ என்று ஒன்று உண்டு. தவசிமுத்துவின் பண்ணையை ‘முன்மாதிரி’ என்று அறிவிப்பதற்காக, அதைப் பார்வையிட முடிவு செய்திருந்தது. வியாழக்கிழமை, தற்சார்பை ஊக்குவிக்க நான்கு பேர் ஜீப்பில் வந்தார்கள். தலைவர் ராஜரத்தினம் காப்பி குடித்தார். சூரிய அடுப்பில் போட்டது என்று தவசிமுத்து சொன்னதும், கடைசிச் சொட்டை மரியாதையோடு குடித்தார். பிறகு கிணற்று மேட்டுக்கு நடந்தார்.

“கண்டுபிடிச்சவரே மிதிக்கட்டும். போட்டோவுக்கு நல்லாயிருக்கும்.”

“அவியளுக்குப் பழக்கமில்ல சார்” என்றாள் செல்லக்கனி.

“ஏட்டி, சும்மா இரி” என்று தவசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக மிதிபம்பில் ஏறினார். மிதித்தார். சக்கரம் சுற்றியது. குழு குழாயின் வாயைப் பார்த்தது. வேகமாக மிதித்தார். குழாயிலிருந்து ஒரு பல்லி வெளியே வந்து, குழுவைப் பார்வையிட்டுவிட்டு உள்ளே போனது.

“தொட்டி தளும்புதே?” என்றார் ராஜரத்தினம்.

“காலையில நெறச்சது சார்” என்றாள் செல்லக்கனி.

“எதால?”

“வாளியால.”

செல்லக்கனி விளக்கினாள். “கார்த்திகையிலயே ரப்பரெல்லாம் தேஞ்சுபோச்சு சார். பொறவு கையாலதான் எறைக்கேன்.”

தவசிமுத்து மிதிப்பதை நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது. “தெனம் கிரீச், கிரீச்சுன்னு கேட்டுச்சேட்டி! ‘இயந்திரம் சீராக இயங்குகிறது’ன்னு புஸ்தகத்துல எழுதிருக்கேனே!”

“அது கிணத்து உருளை. எண்ண போடல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொன்னா அடுத்து எந் தையல் மிஷினக் கழட்டிருப்பிய.”

இதில் நியாயம் இருப்பதாகக் குழு கருதியது. உறுப்பினர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “அப்போ அந்தச் சூரிய அடுப்பு?”

“காப்பி நல்லாயிருந்துச்சா சார்?”

“நல்லாயிருந்தது.”

“அப்போ அதக் கேக்காதிய.”

குழு மாமரத்தடியில் அவசரக் கூட்டம் நடத்தியது. தண்ணீர் வரவில்லை என்பது உண்மை. சான்றிதழ் அச்சாகிக் கண்ணாடியும் போட்டாகிவிட்டது என்பது அதைவிடப் பெரிய உண்மை. ஆகவே, ‘இப்பண்ணையின் நீரேற்றம் முழுக்க முழுக்க மனித ஆற்றலால் நடைபெறுகிறது’ என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

தவசிமுத்துவின் முகம் தெளிந்தது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே சான்றிதழை வாங்கினார். நெஞ்சுக்கு நேரே பிடித்தார். போட்டோகிராபர் தங்கச்சாமி மூன்று படம் எடுத்தார். மூன்றிலும் ஓரத்தில் செல்லக்கனி இருக்கிறாள். ஒரு கையில் ஸ்பானர். மற்றொரு கையில், தானியக் குலுக்கைக்குள் இரண்டு வருடம் ஒளித்துவைத்திருந்த பின்சக்கர டயர்.

குழுவின் அறிக்கை பிறகு வெளிவந்தது. ‘அவ்வேளையில் இல்லத்தரசி, எல்லாம் இவர் ஒருவரின் உழைப்பு எனக் கண்கலங்கிக் கூறினார்’ என்று அதில் இருக்கிறது. தவசிமுத்து அந்த வரியைத் தம் நூலின் முன்னுரையில் சேர்த்துக்கொண்டார். ஆனால் சைக்கிளில் இருந்தவருக்கு அவள் சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது.

“படம் புடிச்சாச்சுன்னா செத்த எறங்குங்க. ஷிஃப்டுக்கு நேரமாச்சு.”