முத்திரை மோப்பக்காரர்

பழைய ஜெர்மன் ராணுவத் தலைக்கவசம் ஒன்றை ஒருவர் கையில் எடுக்கிறார். உச்சியில் நிற்கும் ஈட்டிமுனையைப் பார்க்கவில்லை, நெற்றியில் சிறகு விரித்திருக்கும் பித்தளைக் கழுகைப் பார்க்கவில்லை, நேரே அதைப் புரட்டி உள்ளே மூக்கை நுழைக்கிறார். சந்தேகமே வேண்டாம். நீங்கள் சந்தித்திருப்பது முத்திரை மோப்பக்காரரை.

இந்த இனம் ஜெர்மனி முழுக்கக் காணக் கிடைக்கும். ஆனால் நன்றாக வளர்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், காஸல் நகரத்துக்கு வடக்கே எங்கள் ஊர் பியர்க்கடையின் பின்னறைக்கு, மாதத்தின் முதல் சனிக்கிழமை வர வேண்டும். அங்கே நடுநாயகமாக உட்கார்ந்திருப்பவர் டாக்டர் எக்கார்ட் ரூப்சாம். ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஊராரை வாய் திறக்கச் சொல்லிச் சொத்தை தேடியவர், இப்போது தலைக்கவசத்துக்குள் சொத்தை தேடுகிறார். அதே குட்டிக் கண்ணாடி, அதே "ம்ம்ம்." ஒரே வித்தியாசம், பல் சில சமயமாவது நன்றாக இருந்தது.

முதலில் மோப்பம். பூட்ஸ் பாலிஷ் வாசனை வந்தால், யாரோ தோலைப் பழசாக்கியிருக்கிறார்கள். தேயிலை வாசனை வந்தால், யாரோ ஊற வைத்துப் பழசாக்கியிருக்கிறார்கள். எந்த வாசனையும் இல்லையா? நூறு வருஷத்துச் சமாச்சாரம் வாசனையே இல்லாமல் எப்படி இருக்கும்? அடுத்து, புது நூல் இருந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் புற ஊதா விளக்கு. அறையின் விளக்குகளை அணைக்கச் சொல்வார். மற்றவர்கள் அவரவர் பியர்க் குவளையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியாகப் பின்விளிம்பின் அடித்தோலில் படைப்பிரிவின் முத்திரை. தெளிவாக இருந்தால் நேற்றுக் குத்தியது. மங்கியிருந்தால் வேண்டுமென்றே தேய்த்தது. இல்லவே இல்லை என்றால் சுரண்டி எடுத்தது.

இவ்வளவும் முடிந்த பிறகு 'போலி' என்று சொல்லிவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? சேச்சே, அது அநாகரிகம். கவசத்தை மெல்லக் கீழே வைத்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, "எனக்கென்னவோ மனசு ஒப்பலை" என்பார். இழவு வீட்டில்கூட அவ்வளவு அடங்கிய குரல் கேட்காது.

ஏன் ஒருமுறைகூட ஒப்பவில்லை? யோசித்தால் விளங்கும். அசல் என்று சொல்லி அது போலியாகிவிட்டால் ஊர் சிரிக்கும். போலி என்று ஒதுக்கியது அசலாகவே இருந்தாலும், அதைச் சொல்ல யார் வரப்போகிறார்கள்? அணிந்தவர் செத்து எத்தனையோ காலம்.

இந்த நீதிமன்றத்துக்குத்தான் ஒரு சனிக்கிழமை ரொட்டிக்கடை கெசீனா வந்தாள். முதல் உலகப் போரில் தாத்தா போட்டிருந்த கவசத்தைத் துணிப்பையிலிருந்து எடுத்து, சாசேஜ் தட்டுக்கும் கடுகுக் கிண்ணத்துக்கும் நடுவில் வைத்தாள். அவளுடைய அப்பாவுக்குத் தொண்ணூறு நிறைகிறது. அன்றைக்கு ஊர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் அவர் இதைப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்தார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: ரூப்சாம் தலையசைத்தால் பெட்டி தயார்.

"அப்பா புதுக் கோட்டே வாங்கி வெச்சிட்டாரு, டாக்டர். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"இவ்வளவு நாள் எங்கம்மா இருந்துச்சு?"

"பரண்ல. துணி காயப்போடற கிளிப்பெல்லாம் இதுலதான் போட்டு வெச்சிருந்தோம்."

"எல்லாருமே பரண்னுதாம்மா சொல்றாங்க."

மோந்தார். விளக்கடித்தார். இரண்டு முத்திரைகள் இருந்தன. மேலே ஒரு படைப்பிரிவு, அதன் குறுக்கே ஒரு கோடு. கீழே வேறொரு படைப்பிரிவு. கோட்டின் மேல் கண்ணாடி நெடுநேரம் நின்றது. கைக்குட்டை வெளியே வந்தது.

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா. எனக்கென்னவோ மனசு ஒப்பலை."

கெசீனா துணிப்பையை விரித்தாள். கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டுவிட்டு, அந்த நேரம் பார்த்து யோப்ஸ்ட் ஹெர்புஷ் உள்ளே வந்தார். இவரும் அதே இனம். தபால் நிலையத்தில் காலமெல்லாம் முத்திரை குத்தியவர் என்பதால், முத்திரை விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் கட்சி. அவரும் ரூப்சாமும் எந்தக் கவசத்திலும் இதுவரை ஒத்துப்போனதில்லை.

யோப்ஸ்ட் கவசத்தைப் புரட்டினார், மோந்தார், மேசைமேல் வைத்தார்.

"டாக்டர் சொன்னது கரெக்ட்டு. இது தேறாது."

ரூப்சாம் கைக்குட்டையை மடிப்பதைப் பாதியில் நிறுத்தினார். யோப்ஸ்டும் தானும் ஒரே கட்சியா? யோப்ஸ்ட் தேறாது என்று சொன்ன ஒன்று எப்படித் தேறாமல் போகும்? பாதி பைக்குள் போயிருந்த கவசத்தைக் கெசீனாவிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். மறுபடி விளக்கு, மறுபடி இருட்டு, மறுபடி குவளைகளைப் பிடித்துக்கொள்ளல்.

"இந்தக் கோட்டைப் பாருங்க!" என்றார். "ஒரு படைப்பிரிவு கவசத்தை இன்னொண்ணுக்குக் குடுத்தா, பழைய முத்திரைய அடிச்சிட்டுப் புதுசு குத்துவாங்க. ராணுவக் கிடங்கு வழக்கம். கத்தி முனையில ஒரே இழுப்பு, என்ன ஒரு ஒழுங்கு! கள்ள முத்திரை குத்தறவன் தன் வேலையத் தானே அடிச்சுக் கெடுப்பானா?"

"யோவ், இப்பத்தான்யா மனசு ஒப்பலைன்னே!" என்றார் யோப்ஸ்ட்.

"உன்னை ஆழம் பார்த்தேன்."

"கிளிப் டப்பாவ வெச்சா ஆழம் பார்த்தே?"

"அசல்!" என்றார் ரூப்சாம். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அவரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

பிறந்தநாளன்று கெசீனாவின் அப்பா புதுக் கோட்டில் சக்கர நாற்காலியில் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கவசம் மல்லாந்து கிடந்தது. ஈட்டிமுனை யாருக்கு வேண்டும், முத்திரை தெரிய வேண்டும் என்பது ரூப்சாமின் கட்டளை. குறுக்குக் கோட்டின் வரலாற்று முக்கியத்துவத்தை அவர் விரிவாக எடுத்துரைத்தார். கிழவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இது நான் போட்ட கோடுல்ல! வாத்தியார் விளையாட்டு விளையாடினேன். தப்புன்னு மேல இருக்கறத அடிச்சேன். கீழ இருக்கறத அடிக்கறதுக்குள்ள அப்பா பார்த்துட்டாரு. விட்டாரு பாருங்க ஓர் அறை!"

பின்னால் யோப்ஸ்டுக்குத் திடீரென்று இருமல் வந்தது. கெசீனா டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி திறக்கப்படுமோ என்று அவளுக்குப் பயம்.

ரூப்சாம் அசரவில்லை. நாற்காலியின் பக்கம் குனிந்து, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் முன் சொல்வதுபோல் இதமாகச் சொன்னார். "ஐயா, உங்க வயசுல ஞாபகம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். இது கிடங்கு அதிகாரி போட்ட கோடு."

கிழவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"அப்ப அந்த அறை வாங்கினது யாரு, டாக்டர்?"

கவசம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டியருகே அட்டையில் எழுதிய கோட்டின் விளக்கமும் மாறவில்லை. அன்று கெசீனா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அப்பாவின் நாற்காலியைக் கேக் இருக்கும் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்கேயாவது, 'காலாட்படைக் கவசத்தில் முத்திரை அந்த இடத்திலா இருக்கும்? கத்திக் கோடு அவ்வளவு நேராகவா விழும்?' என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இந்தப் பக்கத்தைச் சற்றே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் பின்னறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. குட்டிக் கண்ணாடி மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள். அங்கே யாரும் யாருக்கும் இரவல் தருவதில்லை.