ஆமாம் சொன்னவருக்கு மாத்திரை இல்லை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். என் இரத்த அழுத்தமும் சுகம். காலையும் மாலையும் அளந்து, நோட்டில் எழுதி வைக்கப்படுகிறது. அங்கேயும் சுகம்தான் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் மகள் ஜெயித்துவிட்டாள்! மருந்து கொடுக்கும் செய்முறைத் தேர்வில் நேற்றுத் தேறிவிட்டாள்! நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்ட அன்று, "உப்பு எது சர்க்கரை எதுன்னு தெரியாதவ, இவ கையில மருந்தைக் கொடுத்தா வார்டே காலி" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னீர்களே, இப்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

முதல் தடவை தவறினாள், அதை நான் மறைக்கவில்லை. நோயாளி வேஷத்தில் கல்லூரி நூலகப் பணியாளரைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்களாம். இவள் சீட்டில் இருந்த பெயரைச் சொல்லி, "அது நீங்கதானே ஐயா?" என்று கேட்க, அவர் "ஆமாம்" என்று வாயைத் திறக்க, இவள் மாத்திரையைப் போட்டுவிட்டாள். அவரோ பக்கத்துக் கட்டில்காரராம்! உடம்புக்கு முடியாதவன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பான், அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வந்தாயா என்று கேட்டு, இன்னொரு முறை தவறினால் ஒரு வருஷம் போச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை மச்சான்.

அப்புறம் வீட்டிலேயே பயிற்சி. நோயாளி யார்? நான்தான், வேறு யார் கிடைப்பார்கள். முப்பத்தோரு வருஷம் குடிநீர் அலுவலகப் புகார் ஜன்னலில் உட்கார்ந்தவன் நான். ஆமாம் ஆமாம் என்று சொன்னால்தான் வந்தவர் நகர்வார், அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. பேப்பர் படித்துக்கொண்டே படுத்திருந்தேன். "உங்களுக்கு இன்னைக்கு ஊசியா?" "ஆமாம்." "ஏற்கெனவே போட்டாச்சா?" "ஆமாம்." "நீங்க பிரசவ வார்டா?" "ஆமாம்." உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. மகள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள், நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண் யாரிடமும் "நீங்கதானே" என்று கேட்டதில்லை. அதோடு விட்டாளா? என் மாத்திரை டப்பாவைக் கொட்டினாள். பெரிய மாத்திரை தொண்டையில் இறங்கவில்லையே என்று நான் அதைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்து விழுங்குவதைப் பார்த்துவிட்டு, "அப்பா! இது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கரையவேண்டியது, பொடிச்சா மொத்தமும் ஒரே நேரத்துல இறங்கிடும்!" என்று கத்தினாள். அதான் பத்து மணிக்கெல்லாம் தலை சுற்றியதா! நான் வயசாகிவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்தின் பெயரை எடுக்கும்போது ஒரு தடவை, ஊற்றும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை படிக்க வேண்டுமாம். இப்போது உங்கள் தங்கை சர்க்கரை டப்பாவைக்கூட மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தேநீர் போடுகிறாள், ஆறிப்போய்த்தான் வருகிறது.

நேற்று சாப்பாட்டுத் தூக்கோடு தேர்வு அறை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அதே கட்டில், அதே நூலகக்காரர். மகள் தட்டோடு போகிறாள். தேர்வாளர் அம்மா வேண்டுமென்றே அவசரப்படுத்துகிறார்: "மருந்து நேரம் தாண்டப்போகுது. அவர்தான், எனக்குத் தெரியும், கொடு." அந்த மனுஷனும் முந்திக்கொண்டு, "ஆமாம்மா, நான்தான்" என்கிறார். இவள் அசையவில்லையே! "நீங்க யாருன்னு நான் இன்னும் கேட்கவே இல்லையே ஐயா. உங்க முழுப் பேரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்க." சொன்னார். கைப்பட்டையிலும் அதே பெயர், மருந்துச் சீட்டில்தான் வேறு! "மேடம், இந்த மருந்து இவருக்கு இல்லை. நான் கொடுக்கமாட்டேன்," என்று தட்டை மேசையில் வைத்தாள். அந்த அம்மா பேனாவை எடுத்து 'தேர்ச்சி' என்று எழுதினார். நான் வெளியே "ஆமாம்!" என்று கத்திய கத்தலில் தூக்கின் மூடி தாழ்வாரக் கடைசிவரை உருண்டோடியது.

ஆகவே மச்சான், என் பெண்ணை யாரும் இனி ஒரு சொல் சொல்லக்கூடாது. அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும், உங்களுக்கு என் மன்னிப்பையும் இத்துடன் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நெஞ்சு நிமிர்ந்த உங்கள் மைத்துனன்

பி.கு.: மாமா, இது நான் எழுதுவது. ஒட்டுவதற்கு முன் படித்துப் பார் என்று அப்பா கொடுத்தார். மூன்று தடவை படித்தேன். மருந்து சரி, ஆள் மாறியிருக்கிறது. அன்றைக்கு நீங்கள் என் விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துக்காக அப்பா முன்னால் நீட்டிக்கொண்டு நின்றீர்கள். "அந்த உப்பு சர்க்கரைப் பேச்சு மாமா பேசினதுதானேப்பா?" என்று கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஆமாம்" என்றார். "நீங்க பேசினதுதானேப்பா?" என்றேன். அதற்கும் "ஆமாம்." பிறகு முறைப்படி கேட்டேன்: "யார் சொன்னதுன்னு நீங்களே சொல்லுங்கப்பா." பேப்பரை மடித்து வைத்தார். "நான்தாம்மா," என்றார். கடிதத்தைக் கிழித்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன் மாமா. என்னைப் பற்றி அப்பா இவ்வளவு நல்லதாக எழுதியிருப்பது இதில் மட்டும்தான்.