காகிதத்தை வாரத்துக்கு விட்ட மாநாட்டு மிஸ்

ஆடு மாட்டை வளர்க்கக் கொடுத்தவர்கள் இந்த உலகத்தில் ஏராளம். காகிதத்தை வளர்க்கக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில்தான் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் சொல்லிப் பழகவில்லை. பதுளை பஸ்ஸில் ஏறி ‘மாநாட்டு மிஸ் வீட்டுக்கிட்ட இறக்கி விடுங்க’ என்றால் கண்டக்டர் மறுபேச்சுப் பேசாமல் இறக்கி விடுவார்.

மிஸ், பதுளைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவரின் மகள். பதுளையிலேயே பிறந்து படித்தவர். பிறகு சர்வதேசக் கல்வி என்று சொல்லிக்கொண்டு நாடு நாடாகப் போனார். தலை நன்றாக நரைத்த பிறகு திரும்பி வந்து, பாழடைந்து கிடந்த பழைய கிளாக்கர் பங்களாவை வாங்கினார். சேலைக்கு மேல் ஆம்பிளைக் கோட்டு, காலில் மழைச் சப்பாத்து. நமுனுகுல மலையில் இருந்து முகில் இறங்குகிற நேரத்தில் அவர் நடந்து வந்தால் முதலில் சப்பாத்துச் சத்தம்தான் வரும்.

அவர் வெளிநாட்டில் என்னதான் வேலை பார்த்தார் என்பது எங்களுக்குப் பெரிய குழப்பம். ஒரு நாள் பக்கத்து வீட்டு ராமையா அண்ணன் நேராகவே கேட்டுவிட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தீர்களா என்றார். இல்லை என்றார் மிஸ். டீச்சர்மாருக்கா என்றார். அதுவும் இல்லையாம்.

“டீச்சர்மாருக்கு என்ன படிப்பிக்கலாம் எண்டு யோசிக்கிறவை இருக்கினம் எல்லே, அவையை ஒரு மேசையைச் சுத்தி இருத்துறதுதான் என்ர வேலை” என்றார் மிஸ்.

ராமையா அண்ணன் வெகுநேரம் யோசித்தார். மிஸ் போன பிறகு என்னிடம், “பாவம், இம்புட்டுப் படிச்சிட்டு மேச நாக்காலி வாடகைக்கு வுட்டிருக்கு” என்றார்.

அந்த வேலையில் சேர்ந்த காகிதங்கள் எல்லாம் பழைய பலகைத் தேயிலைப் பெட்டிகளில் மிஸ்ஸோடு வந்து சேர்ந்தன. பெட்டிக்கு ஒரு நாட்டின் பெயர் எழுதியிருந்தது. பங்களா பெரிது, ஆனால் கூரை முழுவதும் ஒழுகல். எங்கள் வீடுகள் சிறியவை. நாங்கள் வரிசை அறைகளான லயத்தை விட்டுப் புதுத் தனி வீடுகளுக்கு வந்த காலம் அது, ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஒரு பெருமழைக்குப் பிறகு மிஸ் எங்களிடம் வீட்டுக்கொரு பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார். ராமையா அண்ணனுக்கு பெரு நாட்டுப் பெட்டி கிடைத்தது. எதிர் வீட்டுக் காமாட்சி அக்காவுக்கு பின்லாந்து. எனக்கு ‘பல நாடுகள்’ என்று எழுதிய பெட்டி. அடுப்புக்கு மேலே பரண் போட்டு ஏற்றி வைத்தோம்.

ஞாயிறு தோறும் மிஸ் பார்வையிட வருவார். பரணுக்குக் கீழே முக்காலி போட்டு ஏறி, பெட்டியைத் தட்டி, கறையான் அரிக்கிற சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். டாக்டர்கூட எங்களை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு இறங்கித் தேத்தண்ணி குடிப்பார். என் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்பார். நான் கூச்சப்பட்டவள், கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வேன். அவரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

கொஞ்சக் காலத்தில் வீட்டுக்கே பெட்டியின் பெயர் ஒட்டிக்கொண்டது. “பெருவுல ஆள் இல்ல, பின்லாந்துல குடுத்துட்டுப் போங்க” என்று சொல்லக் கேட்டுப் புதிதாக வந்த தபால்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயடியில் பெருவும் பின்லாந்தும் சண்டை பிடித்து மூன்று மாதம் பேசாமல் இருந்தன. ‘பல நாடுகள்’ யார் பக்கம் என்று இரண்டு பேரும் என்னைக் கேட்டார்கள். நான் தைக்க இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

இப்படி இருக்கும்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, மிஸ்ஸின் காகிதங்களை வாங்கித் தன் காப்பகத்தில் வைக்கச் சம்மதித்தது. ஆளும் லொறியும் வருகிற நாளையும் சொல்லிவிட்டார்கள். எல்லாப் பெட்டியும் ஒன்றாக இருந்தால்தான் எடுப்பார்களாம். மிஸ் என்னைக் கூப்பிட்டு, பெட்டிகளைச் சேர்த்துத் தரச் சொன்னார்.

“எனக்குப் பிள்ளையள் இல்லை. நான் போனாப் பிறகு இதெல்லாம் அடுப்புக்குத்தான் போகும். அவை கொண்டுபோனால் நான் செய்தது ஏதோ கொஞ்சம் மிஞ்சும் பிள்ளை” என்றார்.

நான் போய்க் கேட்டேன். ஒருவரும் பெட்டியை இறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடு வாங்கினவருக்கு வளர்க்க வசதி இல்லையென்றால் இன்னொருவரிடம் வாரத்துக்கு விடுவார். வளர்த்தவருக்குச் சம்பளம் கிடையாது, போடுகிற கன்றில் பங்கு உண்டு. சம்பளம் பேசாமல் ஒருவர் பொருளை இன்னொருவர் வீட்டில் வளர்ப்பது என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“குடுக்க மாட்டேன்னு சொல்லலயே. வாரத்துக்கு வளத்ததுக்குப் பங்கு எங்க? அதக் கேட்டுட்டு வா” என்றார் ராமையா அண்ணன். பின்லாந்தும் அதையே சொன்னது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விசயம் அதுதான்.

இதை மிஸ்ஸிடம் சொல்ல எனக்கு அரை நாள் பிடித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“பெட்டியும் மாடு மாதிரிக் கண்டு போட்டதோ?”

“போட்டிருக்குன்னுதான் சொல்றாங்க மிஸ்.”

லொறி வருவதற்கு முதல் நாள், மிஸ் தன் சாப்பாட்டு மேசையை வாசலுக்குத் தூக்கிவரச் சொன்னார். பெருவையும் பின்லாந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். எல்லோருக்கும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. ஒரே ஒரு சட்டம்தான் சொன்னார். வாய் திறக்காத ஆள் வாய் திறக்கும் வரைக்கும் யாரும் எழும்பக் கூடாது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

ராமையா அண்ணன் தொடங்கினார். “தாய நீங்க கொண்டு போங்க. குட்டிய எங்களுக்குக் குடுத்துருங்க.”

இரண்டு பேரும் போய்ப் பெட்டிகளை இறக்கிக் கொண்டுவந்து திறந்தார்கள். பெருவுக்கு மேலே ராமையா அண்ணனின் கிளினிக் அட்டை, மகனின் ஜாதகம், கோயில் தேர் நோட்டீசு, கரண்டு பில். பின்லாந்துக்குள் காமாட்சி அக்காவின் கல்யாணப் படம். வீட்டிலேயே ஈரம் படாத இடம் அதுதான் என்று ஆளாளுக்குத் திணித்து வைத்திருந்தோம்.

“இதெல்லாம் ஆற்ற?” என்றார் மிஸ்.

“எங்களோடதுதாங்க.”

“உங்கட காகிதத்தை எடுக்க என்னட்ட ஏன் கேக்கிறியள்?”

“பொட்டி ஒங்களோடதாச்சுங்களே.”

மிஸ் எல்லாக் கன்றுகளையும் உடனே கொடுத்துவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ராமையா அண்ணன் பரணுக்கு அடித்த பலகையைப் பற்றிப் பேசினார். காமாட்சி அக்கா பின்லாந்தின் மூடியில் தனக்குப் பாதி வரும் என்றார். மூடியைப் பாதியாக வைத்து என்ன செய்வது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. முகில் இறங்கி மேசையின் மறு முனை மறைந்துவிட்டது. விடிந்தால் லொறி வந்துவிடும். மிஸ்ஸின் கை மேசை விளிம்பைப் பிடித்தபடி இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எந்தப் பங்கும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நானும் பெட்டியை இறக்காமல்தான் வந்திருந்தேன். ஏன் என்று அந்த நிமிடம்தான் எனக்கே விளங்கியது.

“பொட்டி போயிட்டா... ஞாயித்துக்கெழம நீங்க எங்க வீட்டுக்கு எதுக்கு வருவீங்க மிஸ்?” என்றேன்.

காமாட்சி அக்கா கையில் இருந்த பிஸ்கட்டை வைத்துவிட்டு, “அதத்தான் நானும் அப்போதயிருந்து சொல்றேன்” என்றார். மூடியைத் தவிர வேறெதையும் அவர் சொல்லியிருக்கவில்லை. ராமையா அண்ணன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் கோட்டு முனையால் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “கூட்டம் முடிஞ்சுது” என்றார். நானும் போய் என் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்தேன். பெருவும் பின்லாந்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எல்லாப் பெட்டிகளையும் பங்களாவுக்குள் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்காகக் கொழும்பில் இருந்து ஒரு பெண் லொறியோடு வந்தார். பெரு பெட்டியைத் திறந்தவர் மூக்கைச் சுளித்து, “இதுல என்ன மிஸ் கருவாட்டு மணம்?” என்றார்.

“பெருவில கடல் இருக்குப் பிள்ளை” என்றார் மிஸ்.

லொறி போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மிஸ் வந்து முக்காலியை எடுத்தார், ஏறிப் பார்க்கப் பரணில் பெட்டி இல்லாததால் அதிலேயே உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று அவர் எழுந்து போகும்போது நன்றாக இருட்டிவிட்டது.