கருப்பருக்கு நேர்ந்துவிட்டது சேவல் இல்லை, அக்கா

அன்பு மிகுந்த மணிமேகலை அக்காவுக்கு,

தங்கச்சி அன்புமொழி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், மாடு, கோழி எல்லாரும் சுகம். நீயும் மச்சானும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ரவுடியின் கழுத்து முடி நுனியில் வட்டமாக இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை கோழிகளுக்குக் கம்பு போடும்போதுதான் பார்த்தேன். எதிர்வீட்டுச் சேவலுக்குக் கழுத்து முடி ஈட்டி மாதிரி கூராக, பளபளவென்று இறங்குகிறது. நம் தாய்க்கோழிக்கு ஒவ்வொன்றும் புளிய இலை மாதிரி மொழுக்கென்று முடிகிறது. ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரவுடியைப் பார்த்தேன். புளிய இலையேதான். ரவுடி பெட்டை, அக்கா! நீ பிரசவ வார்டில் கிடந்தபோது, "தாயும் பிள்ளையும் நல்லபடியா வீடு வந்து சேர்ந்தா வீட்ல பொரிச்ச சேவலைத் தாரேன்" என்று அம்மா கருப்பருக்கு நேர்ந்து, அப்பா கால் நகத்தை நறுக்கி அடையாளம் வைத்தாங்களே, அதே ரவுடி. நம் வீட்டில் கருப்பருக்குப் பெட்டை அறுக்கிற வழக்கமே கிடையாது. வெள்ளிக்கிழமை படையல். நீங்களும் குளத்தூரிலிருந்து கிளம்பி வருகிறீர்கள். போனில் சொல்லலாம் என்றால் உன் மாமியார் எடுத்து "யாரு?" என்கிறாங்க, உடனே எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது, வைத்துவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிற பேசாத போன் எல்லாம் நான்தான், மச்சானைச் சந்தேகப்படாதே. அதனால்தான் அங்கே வேலைக்கு வருகிற ஜெபக்குமார் அண்ணன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஒன்பதாவதோடு நின்ற பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதினதே இல்லை.

எல்லாம் அப்பா சேவல் பார்த்த லட்சணம். குஞ்சா இருக்கும்போது ரவுடி பூனை மூக்கில கொத்துச்சு. "இம்புட்டு வீறாப்பு பொட்டைக்கு வராது, இதுதான் சேவல்"னு அப்பவே பிளேடை எடுத்துட்டாங்க. கீரியும் பருந்தும் தின்னது போக மிஞ்சினது ரெண்டே ரெண்டு. இன்னொண்ணு ஆள் வந்தா பானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், மத்ததெல்லாம் தின்னு முடிச்ச பிறகுதான் தீனிக்கு வரும். அம்மா அதுக்குச் 'சின்ன அன்பு'ன்னு பேர் வச்சிட்டாங்க. வெளியாள் முன்னாடியும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. ஒவ்வொரு தடவையும் நாங்க ரெண்டு பேருமா பானைக்குப் பின்னாடி போயிர்றோம்.

நேத்து சாயங்காலம் எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் பெரியம்மா வந்து ரவுடியக் காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கினாங்க. "தலையத் தூக்கிப் பாத்தா சேவல், தொங்கவிட்டா பொட்டை." அது ரெண்டும் செய்யலை, எக்கிப் பெரியம்மா கம்மலைக் கொத்திருச்சு. "பாத்தீங்களா, சேவலேதான்!"னு அப்பா கையத் தட்டினாங்க. "முட்டை கூரா இருந்துச்சா, உருண்டையா இருந்துச்சா? கூருன்னாத்தான் சேவல். அதச் சொல்லுங்க மொதல்ல"ன்னாங்க பெரியம்மா. "பொரிஞ்ச முட்டையோட மூஞ்சிய எவ ஞாபகம் வச்சிருப்பா?"ன்னாங்க அம்மா. மூணு பேரும் இங்கிட்டும் அங்கிட்டும் இழுக்க, ரவுடி அலற, எனக்கு என்ன வந்துச்சோ தெரியலை அக்கா, "அது பொட்டை!"னு கத்திட்டேன். கட்டியிருந்த மாடு திரும்பிப் பாத்துச்சு. "அடியாத்தி, இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமா?"ன்னு பெரியம்மா ரவுடியக் கீழே போட்டுட்டாங்க.

கழுத்து முடியக் காட்டினேன். அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மெதுவாப் பானைப் பக்கம் திரும்பி, "அப்ப, அது சேவலா? அத அறுத்துருவோம்"னாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, நான் யாரைக் காட்டிக் கொடுத்தேன்னு.

"அதுவும் பொட்டைதாம்ப்பா."

"எப்படிச் சொல்றே? அதுக்குத்தான் ரவுடி கொத்திக் கொத்திக் கழுத்தே மொட்டையாக் கெடக்கே?"

"அது... என்னைய மாதிரியேப்பா."

மூணு பேரும் சிரிச்சாங்க. ஆனா ஒத்துக்கிட்டாங்க அக்கா! வீறாப்பை வச்சுச் சேவல்னு சொல்றது தப்பு, கூச்சத்தை வச்சுப் பொட்டைன்னு சொன்னா தப்பாகாது, நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனாலும் கருப்பர் கோவிச்சுக்குவாரோன்னு அப்பா ராத்திரி சரியாச் சாப்பிடலை. நேர்த்தி உனக்காக வைத்தது, நீ சொன்னால் கேட்பாங்க. அடுத்த தடவை அடை வைத்துச் சேவல் பொரிக்கிறவரைக்கும் வெறும் பொங்கல் போதும் என்று போன் பண்ணிச் சொல்லு. நம் வீட்டில் சேவல் என்று ஒன்று இல்லவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். மச்சானுக்கு வணக்கம். உன் மாமியாருக்கும் வணக்கம், போனில் "யாரு?" என்று மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல். கருப்பர் நம் எல்லாரையும் காப்பாற்றட்டும், ரெண்டு கோழியையும் சேர்த்து.

இப்படிக்கு உன் தங்கச்சி,
அன்புமொழி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது பானைக்குப் பின்னாடியிருந்து ஒரு சத்தம். "கொக்ரக்..." பாதியில தொண்டை உடைஞ்சு கீச்னு நின்னுச்சு. ஓடிப்போய்ப் பாத்தா சின்ன அன்பு கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கே நம்பிக்கை இல்லை, தான்தான் கூவினோம்னு. பஞ்சாரக் கூடையை அது மேல கவுத்துச் சாக்கைப் போத்தினேன். அப்பா வந்துட்டாங்க, பின்னாடியே அம்மா, பெரியம்மா, பால்காரர். "நம்ம வீட்டுக்குள்ள என்ன சேவல் சத்தம்?"

"நான்தாம்ப்பா."

"நீயா? எங்க, கூவு பாப்போம்."

கூவினேன்.