கிழக்குச் சுவர் குறித்த தீர்மானம்

உலகத்தில் இன்றுவரை இடிந்து விழாமல் நிற்கும் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் எங்கள் பொறியாளர் சங்கமே காரணம். விழுந்தவற்றுக்கு மண்ணின் தன்மை காரணம். நூற்று நாற்பது ஆண்டுகளாக இந்தக் கொள்கையிலிருந்து நாங்கள் ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை. சங்கத்தின் கௌரவச் செயலாளர் என்ற முறையில் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் மரபுகளில் தலையாயது படம் மாட்டுதல். பதவிக்காலம் முடிந்து இறங்கும் தலைவரின் உருவப்படம் கூட்ட அரங்கின் கிழக்குச் சுவரில் மாட்டப்படும். முந்தைய தலைவரின் படத்தைவிட அது சிறிதாக இருக்கக் கூடாது என்பது விதி. சமமாக இருக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் அந்த அளவுக்குப் பணிவான தலைவர் இன்னும் எங்களுக்கு வாய்க்கவில்லை. நிறுவனர் கையகலச் சட்டத்துக்குள் அடக்கமாக இருக்கிறார். இருபத்திரண்டாமவரைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. நேரில் அவர் ரொம்ப ஒல்லி.

அந்தச் சுவருக்கு மறுபுறம் அலுவலக அறை. அங்கே சுவரோடு ஒட்டிப் போட்ட மேசையில் டைப்பிஸ்ட் அம்மா உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது வருட சர்வீஸ். சுவர்களைப் பற்றியும் விரிசல்களைப் பற்றியும் எங்கள் உறுப்பினர்கள் எழுதிய கட்டுரைகள் அத்தனையையும் டைப் அடித்தவர் அவர்தான். அவற்றைப் படித்தவரும் அவர் ஒருவர்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் என்னிடம் வந்து சுவரில் விரிசல் விட்டிருப்பதாகச் சொன்னார். பூச்சில் வந்த மயிரிழை, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தார்.

“மயிரிழைன்னுதான் சார் நானும் நெனச்சேன். இப்ப பேனா உள்ள போகுது.”

“பேனாவ ஏம்மா உள்ள விடுறீங்க?” என்று கேட்டேன். அலுவலகப் பொருட்களைக் காப்பதும் என் பொறுப்பல்லவா.

விரிசலின் நுனியில் வாரம் தவறாமல் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்திருந்தார். அரசாங்கச் சொத்தாக இருந்தால் தண்டனையே உண்டு. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மேசையை ஜன்னலோரம் மாற்றிக்கொள்ள அனுமதி. கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த மேசை எங்கே என்பது நிறுவனர் தன் கையால் வரைந்த வரைபடத்தில் இருக்கிறது. அதைத் திருத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர் உயிரோடு இருக்கிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

விஷயத்தைத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் அடுத்த மாதம் பதவியிலிருந்து இறங்கவிருந்தார். அவருடைய படம் தயாராகிக்கொண்டிருந்தது. குதிரை இல்லாமலேயே எட்டடி உயரம். விரிசல் என்றதும் மனிதருக்கு முகம் வாடிவிட்டது. உடனே ‘உயர்மட்ட ஆய்வுக் குழு’ ஒன்றை அமைத்தார். முன்னாள் தலைவர்கள் ஏழு பேர் அரங்குக்கு வந்து, அவரவர் படத்துக்குக் கீழே நின்று, கைத்தடியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். விரிசல் மறுபக்கம் இருக்கிறது என்று நினைவூட்டினேன். அந்தப் பக்கம் மின்விசிறி சரியில்லையாம். ‘சுவர் உறுதியாக உள்ளது’ என்ற தீர்மானம் ஏழுக்குப் பூஜ்ஜியம் என்று நிறைவேறியது. சுவரை யாரும் கேட்கவில்லை.

டைப்பிஸ்ட் அம்மா அதோடு விட்டாரா? கொத்தனாரான தன் தம்பியைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். அந்த ஆள் சுவரை உள்ளங்கையால் தடவினார், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு, படங்களையெல்லாம் இறக்கிவிடுங்கள், அக்காவை வேறு இடத்தில் உட்கார வையுங்கள், சுவர் இந்தப் பக்கம் சாய்கிறது என்றார். தலைவர் கோபப்படவில்லை. தகுதி என்ன என்று மட்டும் விசாரித்தார்.

“நான் செவுரு கட்டுறவன்யா.”

“கட்டுறது வேற தம்பி, பொறியியல் வேற.”

இந்தப் பொன்மொழியை ஆண்டு மலரின் அட்டையில் போட வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன்.

படம் மாட்டும் நாள் வந்தது. ஆறு பேர் படத்தைப் பிடித்துக்கொள்ள, ஏழாவது ஆள் சுவரில் துளை போட்டார். தலைவர் எதிரே நின்று, இன்னும் கொஞ்சம் மேலே என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். நன்றியுரையை வாங்கிவர நான் அலுவலக அறைக்குப் போனேன். டைப்பிஸ்ட் அம்மா தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியாக, தன்னந்தனியாக மேசையை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அனுமதி இல்லாமல்! பழைய இடத்திலேயே போய் உட்காரச் சொன்னேன்.

“மாட்டேன் சார்.” அவர் இழுப்பதை நிறுத்தவில்லை. “வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீங்க வேணும்னா உக்காந்து பாருங்க.”

பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் மாட்டேன் என்று சொன்னது அன்றுதான். எனக்கு விழாவில் வேலை இருந்ததால் உட்காரவில்லை. மெமோவை எப்படித் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டே அரங்குக்குத் திரும்பினேன்.

படம் ஏறியது. சுவர் இறங்கியது. இருபத்திமூன்று தலைவர்களும் சட்டமும் கண்ணாடியுமாக மறுபக்கம் போய் விழுந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாவின் நாற்காலி இருந்த இடத்தில் இடுப்பளவுக்குச் செங்கல். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தோம், படங்களுக்காக.

அதே ஏழு பேர் விசாரணை நடத்தினார்கள். அறிக்கை இரண்டே நாளில் வந்தது. சங்க வரலாற்றிலேயே இவ்வளவு வேகம் கிடையாது. சுவருக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக முட்டுக்கொடுத்து நின்ற மேசையை, ஊழியர் அனுமதியின்றி நகர்த்தியதே விபத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே பணிநீக்கம். ஏழுக்குப் பூஜ்ஜியம்.

ஆணையை டைப் அடிக்க வேறு ஆள் இல்லை. அவரிடமே கொடுத்தேன். வராந்தாவில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார்.

“மேசை செவுரத் தாங்குச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த மேசையில நான் உக்காந்திருந்தேன்னு எங்கயுமே இல்லையே சார். சேத்துடவா?”

“அது தீர்மானத்துல இல்லம்மா.”

சரி சார் என்று சொல்லி, பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் சங்கம் ஒரு பொறியாளரை வேலையைவிட்டு அனுப்பியது அதுதான் முதல் முறை.